கண்புரை: அம்மாவுக்கு வேண்டியது உங்களுடைய அரை நாள் லீவு



சென்ற ஆண்டு மாசி மாதம் எமது கபினேக்கு ஒரு அம்மா வந்திருந்தார். வயது எழுபது தாண்டியவர். சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து எழுதுவிக்க வருகிறவர். அன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினோம். அவரது கை பேனையைத் தேடித்தான் பிடித்தது. கோடு இருந்த இடம் ஒன்று, கையெழுத்து விழுந்த இடம் இன்னொன்று.

"அம்மா, கண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"வயசு போனா உப்பிடித்தானே தம்பி. கொஞ்சம் புகாராக் கிடக்கு. புரை எண்டு ஊரிலை முந்தியே சொன்னவை. முத்தட்டும், பிறகு எடுக்கலாம் எண்டவை."

"ஊரில் எப்போது சொன்னார்கள்?"

"நான் இஞ்சை வர முந்தி."

அவர் பாரிசுக்கு வந்து பதினாறு வருடம்.

"பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா?"

"அதுகள் விடிய வெளிக்கிட்டா இரவிலைதான் வருகுதுகள். லீவு எடுத்தாச் சம்பளம் வெட்டுவாங்கள். இதுக்குப் போய் அதுகளைக் கரைச்சல்படுத்துவானே?"

கைப்பையைத் திறந்து மருந்துத் துண்டுகளை எடுத்துத் தந்தார். அவற்றுக்கு நடுவே, கண் வைத்தியருக்கு நாமே எழுதிக் கொடுத்த கடிதம் மடித்தபடி இருந்தது. உறை பிரிக்கப்படவில்லை. திகதியைப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முந்தியது.

இதில் எமது பிழையும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். கடிதம் எழுதினோம், கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அந்தக் கடிதம் என்ன ஆனது என்று அடுத்த எட்டுத் தடவையும் கேட்கவில்லை. சீனியைப் பார்த்தோம், பிரஷரைப் பார்த்தோம், கண்ணை மறந்தோம். கடிதத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அதை அழைத்துப் பிரெஞ்சில் பேசி ரொந்தேவு எடுக்க அந்த அம்மாவால் முடியாது என்பது எமக்குத் தெரியாத விடயமா?

ஆகவே இந்தக் கட்டுரை நோயைப் பற்றியது மாத்திரம் அல்ல. வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எம்மவர்கள் ஏன் இருட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியதும் ஆகும்.

புரை என்றால் என்ன?

கண்ணின் கறுப்பு மணிக்குப் பின்னால் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. கமராவில் லென்ஸ் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. இளவயதில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அந்த வில்லையில் உள்ள புரதங்கள் திரண்டு, அது மெல்ல மெல்லக் கலங்குகிறது. முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் வெண்மையாவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கலங்கல்தான் புரை. பலர் நினைப்பது போலக் கண்ணுக்கு மேலே தோல் வளர்வதல்ல. தொலைக்காட்சி பார்ப்பதால் வருவதும் அல்ல.

வயதுதான் முதற்காரணம். ஆனால் சலரோகம் உள்ளவர்களுக்குப் புரை முந்தி வருகிறது. எம்மவர்களிடையே சலரோகம் எவ்வளவு கூட என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. நாற்பது வயதில் சீனி தொடங்கியவருக்கு ஐம்பத்தைந்தில் புரை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புகைத்தல், கடும் வெயிலில் நெடுங்காலம் வேலை செய்தது, கண்ணில் பட்ட பழைய காயம், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நீண்டகாலம் எடுத்த ஸ்டீரொயிட் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

புரை நோவதில்லை. கண் சிவப்பதுமில்லை. அதனாலேயே அது களவாக வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில:

இரவில் எதிரே வரும் கார் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசச் செய்தல்.

நிறங்கள் மங்குதல். வெள்ளைச் சீலை மஞ்சளாகத் தெரிதல்.

கண்ணாடியை அடிக்கடி மாற்றியும் திருப்தி இல்லாமை.

மெத்ரோ படிக்கட்டில் கடைசிப் படியைக் காலால் தடவிப் பார்த்தல்.

லாச்சப்பல் கடையில் காசைக் கையில் விரித்து வைத்து, "நீங்களே எடுங்கோ" என்று காசாளரிடம் நீட்டுதல்.

தெருவில் தெரிந்தவர்களைக் கண்டும் காணாதது போலப் போதல். "அவவுக்கு இப்ப பெருமை கூடிப்போச்சு" என்று நாம் பேசிக்கொள்கிறோம். பெருமை அல்ல, முகம் தெரியவில்லை.

இன்னொரு அடையாளம் எம்மை ஏமாற்றும். "அம்மாவுக்கு இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்க ஏலுது, கண் நல்லா வந்திட்டுது" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்கள் உண்டு. வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை கொஞ்சக் காலத்துக்குத் திருந்துவது போலத் தோன்றும். உண்மையில் அது புரை வளர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யலாம். சுவர்க் கலண்டரைத் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறுகண். ஒரு கண் மங்கியிருப்பதை மற்றக் கண் வருடக்கணக்கில் மறைத்துவிடும். இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் தெரியவரும்.

தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் கலங்கிய வில்லையைத் தெளிய வைக்காது. கிருமிதான் உள்ளே போகும். சொட்டு மருந்தாலும் குளிசையாலும் புரையைக் கரைக்க இன்றுவரை வழியில்லை. சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

"முற்றட்டும்" என்ற பழைய சொல்

ஊரில் அன்று "முற்றட்டும்" என்று சொன்ன வைத்தியர் பிழை சொல்லவில்லை. அவர் காலத்துக்கு அது சரி. அந்த நாட்களில் கண்ணைப் பெரிதாக வெட்டி, வில்லையை முழுதாக எடுத்து, தையல் போட்டு, நோயாளியை நாட்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். எடுத்த வில்லைக்குப் பதிலாகச் சோடாப் போத்தல் அடி போன்ற தடித்த கண்ணாடி. எமது அம்மம்மாமார் போட்டிருந்த அந்தக் கண்ணாடிகள் பலருக்கு நினைவிருக்கும். அப்படியான ஒப்பரேசனை முற்றாகப் பார்வை போகும் வரை தள்ளிப்போட்டது நியாயமே.

இன்று நிலைமை வேறு. புரை எடுக்கும் வைத்தியத்தின் வரலாற்றில் நாம் வாழும் இந்த நாட்டுக்கும் பங்குண்டு. கலங்கிய வில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் பழைய முறையை விட்டு, அதை வெளியே எடுக்கும் முறையை 1747 இல் தொடக்கி வைத்தவர் ஜாக் தவியேல் என்ற பிரெஞ்சு வைத்தியர். 1949 இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி, எடுத்த வில்லையின் இடத்தில் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமான மூடியின் பிளாஸ்டிக் துகள்கள் கண்ணைப் பெரிதாகக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்ததால் அவருக்கு வந்த யோசனை அது. 1967 இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெல்மன், மிகையொலி அதிர்வினால் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

இன்று பிரான்சில் நடப்பது அந்த முறைதான். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெட்டு. பெரும்பாலும் தையல் இல்லை. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கப் பண்ணுவார்கள், ஆள் விழித்திருப்பார். ஏறத்தாழ இருபது நிமிட வேலை. மடித்த செயற்கை வில்லையை உள்ளே வைத்ததும் அது விரிந்து நின்றுவிடும். காலையில் போனவர் பின்னேரம் வீட்டில். இந்த நாட்டில் ஆண்டுதோறும் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட புரைச் சத்திரசிகிச்சைகள் நடக்கின்றன. ஆகக் கூடுதலாகச் செய்யப்படும் ஒப்பரேசன்களில் இதுவும் ஒன்று.

அதுமட்டுமல்ல, அளவுக்கு மிஞ்சி முற்றிய புரை கல்லுப்போல இறுகிவிடும். அதை நொறுக்கக் கூடுதல் சக்தி வேண்டும், சிக்கலும் கூடும். ஆகவே பழைய புத்திமதி இன்று தலைகீழாகிவிட்டது.

அதற்காகப் புரை என்று கேட்டவுடனேயே ஓடிப்போய் வெட்டுவிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆரம்பப் புரைக்குச் சரியான கண்ணாடியே போதுமாக இருக்கலாம். அளவுகோல் ஒன்றுதான்: பார்வைக் குறைவு அவரது அன்றாட வாழ்வைக் குழப்புகிறதா? சமைக்க, நடக்க, வாசிக்க, வாகனம் ஓட்ட இடைஞ்சலாக இருக்கிறதா? ஆம் என்றால் நேரம் வந்துவிட்டது. வாகனம் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரு கண்ணும் சேர்ந்து, கண்ணாடியுடன், பத்துக்கு ஐந்துக்குக் குறைந்த பார்வையோடு ஓட்டுவதை இந்நாட்டு விதிகள் ஏற்பதில்லை.

பணம் யார் கொடுப்பது?

எம்மவர்களின் அடுத்த கேள்வி இது. சுருக்கமாகச் சொல்கிறோம்.

கார்த் வித்தால் உள்ளவருக்கு, சாதாரண ஒருகுவிய வில்லை உட்பட ஒப்பரேசனின் பெரும் பகுதிச் செலவைச் செக்குரித்தே சோசியால் ஏற்கிறது. மீதியை மியூத்துவெல் பார்த்துக்கொள்ளும். பணம் கைமீறிப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, தனியார் கிளினிக்கில் செக்தர் 2 வைத்தியர்கள் வாங்கும் மேலதிகக் கட்டணம். இரண்டு, கண்ணாடியே தேவையில்லை என்று சொல்லி விற்கப்படும் பல்குவிய வில்லைகளுக்கான மேலதிக விலை. அவை எல்லோருக்கும் பொருந்துவனவும் அல்ல. எதற்கும் சம்மதிக்க முன்னர் எழுத்தில் "தெவி" கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதை உங்கள் மியூத்துவெலுக்கு அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். பொது வைத்தியசாலையின் வழமையான பிரிவில் இந்த மேலதிகக் கட்டணம் இல்லை.

வருமானம் குறைந்தவர்களுக்கு, நாம் முன்னர் சே.எம்.யூ என்று அறிந்திருந்த உதவியின் இடத்தில் 2019 கார்த்திகை முதல் "கொம்ப்ளெமொந்தேர் சாந்தே சொலிதேர்" இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்து இலவசம், அல்லது வயதுக்கேற்ற ஒரு சிறு மாதக்கட்டணம். இது உள்ளவரிடம் வைத்தியர் மேலதிகக் கட்டணம் கேட்க முடியாது. முற்பணமும் கட்டத் தேவையில்லை. முதியோர் உதவிப்பணத்தில் வாழும் எமது பெற்றோர் பலர் இதற்கு உரித்துடையவர்களாக இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.

வதிவிட அனுமதி இல்லாதோருக்கு "எய்த் மெதிக்கால் தெத்தா" எனும் அரச மருத்துவ உதவி உண்டு. ஆனால் 2021 முதல் ஒரு கட்டுப்பாடு: முதன்முறையாக அதைப் பெறும் வயதுவந்தோருக்குப் புரைச் சத்திரசிகிச்சை போன்ற அவசரமற்ற சில சிகிச்சைகள் ஒன்பது மாதம் கழித்தே கிடைக்கும். தள்ளிப்போட்டால் பாரதூரமான விளைவு வரும் என்றால் வைத்தியர் முன் அனுமதி கேட்கலாம். எனவே விண்ணப்பத்தை இன்றே போடுங்கள், கணக்கு அன்றிலிருந்து தொடங்கட்டும். எந்தக் காப்புறுதியும் இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே பொது வைத்தியசாலைகள் பலவற்றில் "பாஸ்" எனப்படும் பிரிவு உண்டு. லாச்சப்பலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாரிபுவாசியேர் வைத்தியசாலையிலும் இருக்கிறது.

போகும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறோம். கண்ணாடி எழுதுவிக்கக் கண் வைத்தியரிடம் நேரே போகலாம். ஆனால் புரைக்காகப் போவதென்றால் முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் செக்குரித்தே சோசியால் திருப்பித் தரும் பணம் குறைந்துவிடும். கண்ணாடிக் கடையில் சோதித்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே கண்ணாடியின் இலக்கம்தான் பார்ப்பார்கள். மங்கல் எல்லாம் புரையும் அல்ல. குளுக்கோமா எனும் கண் அழுத்த நோயும், சலரோகத்தால் விழித்திரை கெடுவதும் அதே போல ஓசையில்லாமல் வரும். அவற்றால் போன பார்வை திரும்பாது. சலரோகம் உள்ள ஒவ்வொருவரும் ஒழுங்காக விழித்திரையைச் சோதிப்பிக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது வருடத்துக்கு ஒருமுறை.

பாரிசில் கண்ணுக்கென்றே இருக்கும் பொது வைத்தியசாலை, பஸ்தீலுக்குக் கிட்ட உள்ள கான்ஸ்-வான். பெயரின் பொருள் "பதினைந்து இருபதுகள்", அதாவது முந்நூறு. ஏறத்தாழ 1260 இல் ஒன்பதாம் லூயி மன்னர் முந்நூறு பார்வையற்றோருக்காகத் தொடக்கிய இல்லம் அது. இன்று இரவு பகலாகக் கண் அவசர சிகிச்சை தருகிறது. 19 ஆம் வட்டாரத்தில் ரொத்சில்ட் வைத்தியசாலையும் உண்டு. எம்மவர்கள் கூடிவாழும் இடங்களிலிருந்து எதுவும் தூரமில்லை.

அப்படியானால் தடை என்ன?

வைத்தியர் இருக்கிறார். வைத்தியசாலை இருக்கிறது. பணமும் பெரும்பாலானோருக்கு ஒரு வழி இருக்கிறது. பிறகு ஏன் அந்தக் கடிதம் இரண்டு வருடம் கைப்பையில் கிடந்தது?

இதற்கு விடை மதுரையில் இருக்கிறது. வைத்தியர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976 இல் பதினொரு கட்டில்களோடு அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்த மனிதர். காசுள்ளவர் கட்டும் பணத்தைக் கொண்டு ஏழைகளுக்கும் செய்தார். 1992 இல் அவர்கள் தொடங்கிய ஒரோலாப் தொழிற்சாலை, விலை கூடிய செயற்கை வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எம்மைச் சிந்திக்க வைப்பது இன்னொரு விடயம். ஒப்பரேசன் இலவசம் என்று சொன்ன பிறகும் கிராமத்துச் சனம் வரவில்லை. ஏன்? பஸ் காசு இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லை. கூட வர ஆளில்லை, வருபவரின் ஒருநாள் கூலி போய்விடும். எனவே அவர்கள் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சோதித்தார்கள், வாகனத்தில் ஏற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள், திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அப்போதுதான் சனம் வந்தது.

மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டிக்கும் பாரிசில் ஏழாம் மாடியில் இருக்கும் எமது அம்மாவுக்கும் தடை ஒன்றுதான். கூட்டிக்கொண்டு போக ஒரு கை இல்லை. இங்கே பஸ் காசுக்குப் பதிலாக மொழி. கூலிக்குப் பதிலாக மகனின் லீவு. ரொந்தேவு எடுப்பது டொக்டோலிப்பில், தொலைபேசியில் பேசுவது பிரெஞ்சில், வரும் கடிதங்களும் பிரெஞ்சில். மயக்க மருந்து வைத்தியரைப் பார்க்க ஒருநாள், ஒப்பரேசனுக்கு ஒருநாள், பிறகு காட்ட ஒருநாள். ஒப்பரேசன் அன்று கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றும் சொல்வார்கள்.

அந்த அம்மா இதை எல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் வாய் திறக்கவில்லை. தனக்குப் பார்வை குறைவதை விடப் பிள்ளைக்குச் சம்பளம் குறைவது அவருக்குப் பெரிதாகப் பட்டது. எண்பத்துமூன்றுக்குப் பிறகு நாம் இங்கே வந்து கோப்பை கழுவியும் கூட்டித் துடைத்தும் கட்டியெழுப்பிய வாழ்க்கையில், லீவு கேட்பது ஒரு குற்றம் போல எமக்குள் ஊறிவிட்டது. பெற்றோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 94 மில்லியன் மக்கள் புரையினால் பார்வை குறைந்தோ இழந்தோ இருக்கிறார்கள். எமது ஊர்ச் சங்கங்கள் பல, ஊரில் கண் சத்திரசிகிச்சைக்கென்று இங்கிருந்து பணம் சேர்த்து அனுப்புகின்றன. மிகவும் நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் அந்த நிதிசேர் விருந்தில் மேசையோரம் இருக்கும் அம்மாவுக்கு மேடையில் நிற்பது யார் என்று தெரிகிறதா என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

எமது வேண்டுகோள்

பிள்ளைகளே, உங்களிடம் நாம் கேட்பது பணம் அல்ல. சில அரை நாட்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை உள்ள வீடென்றால் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முதல் ரொந்தேவு கிடைக்கவே சில மாதம் ஆகலாம் என்பதால் இந்த வாரமே எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடத்தை மறித்துப் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அனுப்புவதை நாம் ஏற்கவில்லை. அது பிள்ளைக்கும் பாரம், பாட்டிக்கும் கூச்சம்.

பெற்றோரே, கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நீங்கள் மறைப்பது முடிவில் பெரிய கரைச்சலாகும். கண் தெரியாமல் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிள்ளை அரை நாளா லீவு எடுக்கும்?

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். எமது இளையோரில் பிரெஞ்சும் தமிழும் சரளமாகப் பேசுவோர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு பின்னேரம் தரக்கூடிய பத்துப் பேரின் பட்டியல் ஒன்று போதும். பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகள் வெளியூரில் உள்ள முதியவர்களை அவர்கள் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லலாம். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும்போது ஒரு மேசையைப் போட்டு, முதியவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்து ரொந்தேவு எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவ விடயங்களைச் சொல்லிக்கொடுக்க நாமும் வந்து அந்த மேசையில் இருப்போம்.

ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும்

எடுக்கும் மருந்துகள் அனைத்தினதும் பட்டியலைக் கொண்டு போங்கள். ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினைக்கு எடுக்கும் தம்சுலோசின் போன்ற மருந்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒப்பரேசன் நேரத்தில் கண்மணியைச் சுருங்க வைக்கும், முன்கூட்டித் தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிறகு சில கிழமைகளுக்குச் சொட்டு மருந்து. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே விட வேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. தலை முழுகும்போது கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். மிளகாய் வறுப்பதையும், கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். பிள்ளையார் கோபிக்க மாட்டார். தொலைக்காட்சி பார்க்கலாம், வாசிக்கலாம்.

பெரும்பாலானோருக்கு நல்லபடியாக முடியும். ஆனால் எந்த ஒப்பரேசனும் ஆபத்தே இல்லாதது அல்ல. கண் நோ கூடுதல், சிவத்தல், தெளிந்த பார்வை திரும்ப மங்குதல், கறுப்புத் திரை விழுவது போலத் தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த நாள் வரை காத்திராமல் கண் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கிருமித்தொற்று மிக அரிது, வந்தால் மணித்தியாலக் கணக்குத்தான்.

எடுத்த புரை திரும்ப வராது. சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கும். அதைச் சில நிமிட லேசர் சிகிச்சையால் சரிசெய்யலாம்.

விடுமுறைக்கு ஊருக்கோ தமிழ்நாட்டுக்கோ போய்ச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். அங்கும் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் செய்த வைத்தியரே பின்னும் பார்க்கக்கூடியதாக ஒரு மாதமாவது நிற்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். வைத்த வில்லையின் விபரத் துண்டையும் வாங்கி வாருங்கள்.

முடிவாக, அந்த அம்மாவின் கதை. அன்றே எமது மேசையிலிருந்து மகனுக்குத் தொலைபேசி எடுத்தோம். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே டொக்டர்" என்றார். அவருக்குக் குரல் கம்மியது. மகனும் மருமகளும் மாறி மாறி லீவு எடுத்தார்கள். எல்லாமாக அரை நாள் ஐந்து. ஆவணிக்கு முன்னர் இரண்டு கண்ணும் முடிந்தது. மாணிக்க விநாயகர் தேரன்று லாச்சப்பல் தெருவில், அவ்வளவு சனத்துக்குள்ளும் அவர்தான் எம்மை முதலில் கண்டு கை காட்டினார்.

"எப்படி அம்மா?" என்றோம்.

"எல்லாம் நல்லாத் தெரியுது தம்பி. வீட்டுக் குசினி இவ்வளவு ஊத்தையெண்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியேல்லை. மருமகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

உறவுகளே, இந்த இதழை மூடி வைக்க முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரை அழைத்து, ஒரு கண்ணை மூடிச் சுவர்க் கலண்டரின் திகதியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மறுகண்.

அடுத்த இதழில் சந்திப்போம்.